நானே கண்டவை, பிறர் சொன்னவை

என் எஸ்தர் அக்கா, என் டீச்சரம்மா,

நீ போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. சபையின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். நல்லாசிரியை, ஜெபவீராங்கனை, சாந்த குணம் என்று எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் அச்சாகும். உனக்குச் சாந்த குணம் ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால் இந்தக் கடிதம். போடுவார்களோ மாட்டார்களோ.

இதை இன்றைக்கே எழுத இன்னொரு காரணமும் உண்டு. நாளைக் காலை பத்து மணிக்குள் ஒரு பெண்ணுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். டில்லியின் தமிழ்க் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து நம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவள். செல்லம்மா என்று வைத்துக்கொள், உண்மைப் பெயர் வேறு. அவள் புருஷனுக்கு மனநோய். மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்கிறானாம். கட்டாயமாகச் சேர்ப்பதென்றால் அவள் ஒரு மனுவில் கைநாட்டு வைக்க வேண்டும். "வெக்கலாமா சார்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள். இந்த விஷயத்தில் நான் அனுபவசாலி என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு வருடம் சர்க்கார் ஆபீசில் குறிப்பு எழுதிய கை இது. முதலில் எண் போட்டுச் சுருக்கம் எழுதாவிட்டால் மேலே ஓடாது. "ஏலே சாமு, நீ சாவும்போதும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தாம்லே சாவ" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. இருந்தாலும்:

1. எமர்ஜென்சிக்கு முந்தின வருடம் உன்னை மனநோய் மருத்துவமனையில் அடைத்தது நோய்க்காக அல்ல, சத்தத்துக்காக.

2. அதற்குத் துணைபோன படித்த கனவான்கள் அத்தனை பேரும் அற்பர்கள்.

3. அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த நான் அவர்களைவிட அற்பன்.

4. ஆகையால், ஒருவர் வேண்டாம் என்ற பிறகு அவரை அப்படிப்பட்ட இடத்தில் சேர்ப்பது எக்காரணம் கொண்டும் சரியாகாது. பிற்பாடு ஒருமுறை உனக்காகக் கையெழுத்துப் போட நான் மறுத்ததும் சரியே.

இனி விவரம்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக்கு "டீச்சர் வீடு" என்றுதான் பெயர். பால்காரனும் தபால்காரனும் "டீச்சர்ஜி" என்றுதான் கதவைத் தட்டினார்கள். வாசலில் தொங்கிய பலகையில் இருந்ததோ செக்ஷன் ஆபீசர் துரைராஜ் அத்தானின் பெயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அதை ஈரத்துணியால் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். புசா ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் உன்னை உதவித் தலைமையாசிரியை ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்த வாரம், அத்தான் உன் பெயரில் ராஜினாமாக் கடிதம் எழுதி, உன் கையெழுத்தையும் தானே போட்டு அனுப்பினார். கையெழுத்து அச்சாக உன்னுடையது போலவே இருந்ததாம். அந்த மனிதர் வாழ்நாளில் திருத்தமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

நீ பால்கனிக்குப் போனாய். தினமும் மாலை அவர் சைக்கிளை நிறுத்துகிற நேரத்துக்கு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அதே குரலில், "எல்லாரும் பாத்துக்கிடுங்க! எங் கையெழுத்தப் போட்ட மகராசன் வாராரு!" என்று அறிவித்தாய். தமிழ் தெரியாத பஞ்சாபிக் குடும்பங்கள்கூட ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். ஏழு மாலை இது நடந்தது. எட்டாம் நாள் அத்தான் என் ஆபீசுக்கு வந்தார்.

"தம்பி, ஒங்க அக்காவுக்கு மூளை பெசகிட்டு. மானம் போவுது."

"பேசிப் பாக்கலாமே அத்தான்."

"என்னத்தப் பேச? என்னையக் கொன்னு போட்டுருவேன்னு சொல்லுதா. டாக்டர்ட்ட நீங்க வந்து இந்தில எடுத்துச் சொல்லணும். ஒங்க இந்தி சுத்தமா இருக்கும்லா?"

என் ஹிந்தியை ஒருவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. பரீட்சை எழுதிப் பாஸ் செய்த ஹிந்தி. நான் போனேன். அத்தான் பதவியில் எனக்கு ஒரு படி மேலே என்பதும் காரணம். இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த டாக்டர் இரண்டே தடவை நிமிர்ந்து பார்த்தார், இரண்டு தடவையும் சுவர்க் கடிகாரத்தை. முன்னால் ஒரு படிவம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தோடு வந்த படிவம். அதில் டாக்டர் நிரப்ப இரண்டு இடங்கள். மேலே, 'நானே கண்டவை'. கீழே, 'பிறர் சொன்னவை'. சட்டம் எழுதியவன் அந்நியனானாலும் அந்த இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நம் டாக்டருக்குத் தோன்றவில்லை. மேலே ஒரே வரி எழுதினார்: 'உரத்த குரலில் பேசுகிறாள்.' பிறகு, புருஷனைக் கொல்வேன் என்று சொன்னாளா என்று என்னை ஹிந்தியில் கேட்டார். நான் உன்னைக் கேட்டேன்.

"ஆமாலே, சொன்னேன். கொன்னு போட்டுருவேன்னுதான் சொன்னேன். நம்ம அம்மா நாளைக்குப் பத்து வாட்டி நம்மளச் சொல்லலியா? அவ யாரக் கொன்னா? கையெழுத்து விசயத்தக் கேக்கச் சொல்லுலே அந்த ஆள!"

நான் இதை மனத்துக்குள் ஹிந்தியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி என்பதற்குச் சரியான வாக்கிய அமைப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"ஹாங் யா நா?"

ஆமா இல்லையா என்று கேட்டார். நான் "ஹாங் ஜி" என்றேன்.

அவ்வளவுதான், அக்கா. 'கணவனைக் கொல்லப்போவதாகச் சொல்கிறாள், சகோதரரும் உறுதி செய்கிறார்' என்று கீழே நிரம்பிவிட்டது. இரண்டாவது டாக்டர் ஒருவரும் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் பார்த்தார், நீ உட்கார்ந்திருந்த டாக்சியின் கண்ணாடி வழியாக. மாஜிஸ்டிரேட் இன்னும் மேல். உன்னை அவர் கண்ணாடி வழியாகவும் பார்க்கவில்லை. அத்தானிடம் எந்த மினிஸ்ட்ரி என்று விசாரித்தார், காகிதம் மூன்று பிரதி இருக்கிறதா என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார். ஒரு மனுஷியின் சுதந்திரத்தைப் பறிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு டீ ஆறாது. இவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. கொடுமை செய்யவும் கொஞ்சம் அக்கறை வேண்டும். இவர்களிடம் அதுகூட இல்லை.

ஏழு வாரம் உள்ளே இருந்தாய். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை நான் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். ஆரஞ்சை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒன்றே கேட்டாய். "பாதி சொன்னியாலே, முழுசாச் சொன்னியா?" நான் பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

உன்னை வெளியே விட்டது அங்கே புதிதாக வந்த மலையாளி டாக்டரம்மா. ஒரு மத்தியானம் முழுக்க உன் கட்டிலில் உட்கார்ந்து தமிழில் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "சாரே, டீச்சருக்குக் கோபம் உண்டு. சீக்கு இல்ல. கோபத்துக்கு எங்ககிட்ட மருந்து இல்ல, கூட்டிட்டுப் போங்க." படிவத்தின் மேல் பகுதியை நிரப்பத் தெரிந்த ஒரே ஆள்.

நீ அத்தானிடம் திரும்பவில்லை. உன் மகள் கிரேஸோடு என் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லாதது முதல் தடவையாக ஒரு வசதியாயிற்று. பள்ளிக்கூடம் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எட்டு வருடம் கணக்கு நோட்டுகளும் உன் சத்தமுமாக வீடு கலகலப்பாக இருந்தது. அத்தான் இன்னும் இருக்கிறார். சபையில் மூப்பர். காது சுத்தமாகப் போய்விட்டது. இப்போது அவர் வீட்டு வாசலில் யார் நின்று கத்தினாலும் மானம் போகாது.

நாலாவதற்கு வர வேண்டும். இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டியது எளிதாக இருந்தது.

ஏசியாட் விளையாட்டுகள் முடிந்த குளிர்காலத்தில் நீ கத்துவதை நிறுத்தினாய். நோட்டுகள் திருத்தப்படாமல் மேஜையில் ஏறின. உனக்கு வயதாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று எண்ணினேன். வீடு அமைதியானதில் எனக்குச் சந்தோஷம். அத்தானுக்கும் எனக்கும் இதில் என்ன வித்தியாசம் என்று சொல், பார்க்கலாம்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. சபையில் எல்லாரும் உபவாசம் இருந்தார்கள், நீயும் இருந்தாய். மற்றவர்கள் சாயங்காலம் சாப்பிட்டார்கள். நீ இரண்டு வாய் கஞ்சியோடு எழுந்துவிடுவாய். "டீச்சருக்கு என்ன வைராக்கியம் பாத்தீங்களா!" என்று பெண்கள் ஐக்கியத்தில் மெச்சிக்கொண்டார்கள். வெளியே தெரியும் கழுத்தெலும்பைப் பார்த்து விசுவாசத்தை அளக்கிற கூட்டம். ஈஸ்டர் வந்தது. எல்லார் வீட்டிலும் பிரியாணி. நீ தட்டைத் தள்ளிவிட்டாய்.

"வேண்டாம்லே."

"பொருத்தனையாக்கா?" என்று கேட்டேன்.

"அப்படியே வச்சுக்கோ."

அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது நான்தான், அக்கா. ஆண்டவரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனை என்றால் நம் ஆட்கள் அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை. டைரியில் 'அக்கா, பொருத்தனை, முதல் நாள்' என்று எழுதினேன். மறுநாள் 'இரண்டாம் நாள்'. நாளுக்கு எண் போடத் தெரிந்தவனுக்கு, உன் தலைமாட்டுச் சொம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருப்பது தெரியவில்லை.

தெரிந்தது கிரேஸுக்கு. கல்லூரியிலிருந்து வந்தவள் நேரே என் அறைக்கு வந்தாள்.

"மாமா, யே உபவாசம் நஹீ ஹை. அம்மா தண்ணிகூட பீத்தி நஹீ."

இது உபவாசம் இல்லை என்கிறாள். டில்லியில் பிறந்த பிள்ளை, அவசரத்தில் அப்படித்தான் வரும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பீத்தி நஹீ என்பது என்ன பாஷை? குடிக்கவில்லை என்று சொல்" என்று திருத்தினேன்.

"குடிக்கவில்லை! குடிக்கவில்லை! போதுமா?" என்று கத்தினாள். உன் தொண்டை. பக்கத்து வீட்டில் கேட்டுவிடப்போகிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய் டாக்டரம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தாள். அவர் உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கதவருகே நின்றேன்.

"என்ன டீச்சரே, தண்ணி குடிக்கக் கூடாதா?"

"நான் குடிச்சா கிரேசு செத்துருவா. சொல்லியாச்சு."

"ஆரு சொன்னது?"

நீ உன் காதைத் தொட்டுக் காட்டினாய். "சொல்லிக்கிட்டே இருக்காவ. ஒங்களுக்குக் கேக்கலியா?"

டாக்டரம்மா வெளியே வந்தார். "சாரே, இன்னிக்கே சேர்க்கணும். வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. அது டீச்சர் சொல்ற வேண்டாம் இல்ல, சீக்கு சொல்றது. நீங்க மனுவில ஒப்பு போடணும்."

நான் உள்ளே போய் உன்னைக் கேட்டேன். முறைப்படி கேட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். அந்தப் பிடியில் பலமே இல்லை. "அங்க கொண்டு விட்டுராதலே சாமு. இன்னொரு வாட்டி விட்டுராத."

திரும்பி வந்து டாக்டரம்மாவுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். மனித கௌரவம், சம்மதம், சர்க்கார் காகிதங்களின் கதி என்று எல்லாம் வந்தது. "உங்கள் வர்க்கத்தை எனக்குத் தெரியும், டாக்டர். டாக்சிக் கண்ணாடி வழியாக வைத்தியம் பார்க்கிற வர்க்கம்" என்று முடித்தேன். என் ஆயுளில் ஒருவரை எதிர்த்துப் பேசியது அன்று ஒரு நாள்தான். எதிரில் இருந்தது, தரையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்த ஒரே டாக்டர்.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு விட்டதும் நான்தானே சாரே? சீக்கு இல்ல, விட்டேன். இன்னிக்கு உண்டு. மூணு நாள் தாங்கினா அதிகம்" என்றார்.

வேறு வழி தேடிப் போலீஸ், மாஜிஸ்டிரேட் என்று அவரும் கிரேஸும் இரண்டு நாள் அலைந்தார்கள். கூடவே இருக்கும் சகோதரரே வேண்டாம் என்கிறாரே என்று எல்லா மேஜையிலும் பதில். மூன்றாம் நாள் மத்தியானம் உனக்கு நினைவு தப்பியது. தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அப்போது உன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார்கள். மறுநாள் நீ போய்விட்டாய்.

சபையில் உன்னைப் பரிசுத்தவாட்டி என்று பேசினார்கள். நான் ஆமென் சொன்னேன். இந்த ஐந்து வருடமும், உன் வார்த்தையை மதித்த ஒரே ஆள் நான் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். மேலே எழுதிய நாலாவது குறிப்பு அப்படிப் பிறந்தது.

உனக்கு ஒரு செய்தி. பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். பைத்தியம் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்களாம். அமலுக்கு எப்போது வருமோ தெரியாது. வரட்டும். படிவத்தின் மேல் குனிந்த தலையை எந்தச் சட்டம் நிமிர்த்தும்?

கிரேஸ் நன்றாக இருக்கிறாள். உன்னைப் போலவே கணக்கு டீச்சர். மாதம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவாள். என்னோடு தமிழ் பேசுவதில்லை. பிழையில்லாத ஹிந்தியில், மிகவும் மரியாதையாகப் பேசுகிறாள்.

இன்று காலை செல்லம்மா கேட்டபோது யோசிக்காமல் "வைக்காதே" என்றேன். காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"ஒம்பது நாளா சோறு தொடல சார். கொழாத் தண்ணில என்னமோ கலக்குறாங்களாம். புள்ளைங்களயும் குடிக்க வுட மாட்டேன்றாரு. சின்னது நேத்து நாலாப் பக்கமும் பாத்துட்டு சாக்கடையாண்ட போயி குடிக்குது சார்."

"இருந்தாலும் அவர் வேண்டாம் என்கிறாரே, அம்மா."

"அவரு வேணாம்ங்கிறது எனக்குப் புதுசா சார்? கல்யாணத்தன்னிக்கே வேணாம்னுதான் சொன்னாரு." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நீங்க வந்து பாத்தீங்களா சார், அவர?"

"இல்லை."

"பாக்காமயே சொல்றீங்களே."

பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன், யோசித்து வையுங்கள் என்று போய்விட்டாள். நான் அந்த டாக்டரின் படிவத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே ஒன்றுமில்லை, கீழே முழுவதும் பிறர் சொன்னவை. உன் விஷயத்தில் மூன்று கனவான்கள் செய்ததை, அவர்களை இகழ்ந்துகொண்டே நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், உன் கடைசி நாட்களில் ஒன்று, இன்று காலை ஒன்று. உன் மணிக்கட்டும் காய்ந்த உதடும் நிரம்பிய சொம்பும் என் கண்முன்னால் இருந்தன. நான் உன் வார்த்தையை எழுதிக்கொண்டேன். நோயில்லாத நாளில் உன் பேச்சைப் பாதியில் வெட்டினேன். நோய் உன் வாயால் பேசிய நாளில் அதற்கு மரியாதை செய்தேன். எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு எண் போட்ட விதி ஏதும் இருக்கிறதா, அக்கா? இருந்தால் நீ என்னிடம் சொல்லியிருப்பாய்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். நாளைப் பத்து மணிவரை காத்திருக்க மாட்டேன். விடிந்ததும் கேம்ப்புக்குப் போய் அந்த மனிதனின் பக்கத்தில் தரையில் உட்காருவேன். அவன் சொல்வது முழுவதையும் கேட்பேன். நோய் என்று என் கண்ணுக்கும் பட்டால், செல்லம்மாவோடு போய் அவள் கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். டாக்டர் "ஹாங் யா நா" என்று கேட்டால், பேனா எத்தனை தடவை தட்டினாலும், முழுவதையும் சொல்லி முடிப்பேன். என் ஹிந்தி தடுமாறினால் திருத்த, கிரேஸைக் கூட வரும்படி கேட்பேன். பிறகு ஒரு சனிக்கிழமை விடாமல் போய்ப் பார்ப்பேன். சீக்கு இல்லை என்று டாக்டர் சொல்கிற அன்றைக்கே அவனை வெளியே கூட்டி வருவேன்.

மேலே எழுதிய நாலாவது குறிப்பை அடித்துவிட்டுச் சுத்தப் பிரதி எடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். முதல் மூன்றும் சரி, அக்கா. நாலாவது தவறு.

நீ கேட்டதற்கு இத்தனை வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன்: பாதிதான் சொன்னேன்.

உன் கூடப் பிறந்தவன்,
சாமு